வெனிஸின் டோஜே: ராஜாவா, ஜனாதிபதியா, பொம்மையா?

கேள்வி இதுதான்: வெனிஸ் குடியரசில் டோஜே என்ற தலைவரைத் தேர்ந்தெடுத்தார்கள், ஆனால் அவர் சாகும்வரை பதவியில் இருந்தார், கிரீடம் மாதிரி ஒன்றை வைத்துக்கொண்டார், நாணயத்தில் அவர் பெயர் இருந்தது. அப்படியானால் அவரை ராஜா என்பதா, ஜனாதிபதி என்பதா, வெறும் பொம்மை என்பதா? அவருடைய வாழ்க்கை எப்படி இருந்தது?

பெரும்பாலும் கிடைக்கும் பதில் "அலங்காரப் பொம்மை" என்பதுதான். அதில் பாதி சரி. மீதிப் பாதி புரிய வேண்டுமென்றால் பொதுவாகப் பேசிப் பயனில்லை. 1,100 ஆண்டுகளில் நூற்றுக்கு மேற்பட்ட டோஜேக்கள் இருந்திருக்கிறார்கள், முதல் சில நூற்றாண்டுகளின் டோஜேக்கும் கடைசிக் காலத்து டோஜேக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அதனால் ஒரே ஒருவரை எடுத்துக்கொள்கிறேன்: லியோனார்தோ லொரெதான். 1501 அக்டோபரில் பதவிக்கு வந்தவர், 1521 ஜூனில் இறந்தவர். அந்த 20 ஆண்டுகளில் வெனிஸ் கிட்டத்தட்ட அழிந்துபோய்த் திரும்பி வந்தது. ஒரு பதவி எதற்கு ஆகும், எதற்கு ஆகாது என்பது அப்படிப்பட்ட காலத்தில்தான் வெளியே தெரியும்.

அவருடைய முகம் உங்களுக்கு ஏற்கெனவே பழக்கமாக இருக்கலாம். ஜொவான்னி பெல்லினி வரைந்த படம் லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. நீலப் பின்னணி, பொன்னிழை ஓடும் வெள்ளைப் பட்டு அங்கி, சின்ன மணி வடிவத்தில் பெரிய பொத்தான்கள், தலையில் பின்பக்கம் கொம்பு போல் தூக்கி நிற்கும் தொப்பி, அதற்கு அடியில் காதை மூடி இறங்கும் மெல்லிய வெள்ளைத் துணி. பொன்னிழை வரும் இடங்களில் பெல்லினி வண்ணத்தைச் சொரசொரப்பாக விட்டிருக்கிறார், வெளிச்சம் பட்டால் நிஜ ஜரிகை போல மின்னும். முகத்தைப் பாருங்கள்: ஒட்டிய கன்னம், இறுக்கமான உதடு. அதே காலத்தில் வெனிஸில் வாழ்ந்து தினமும் நடந்ததை எழுதிவைத்த மரீன் சனூதோ, லொரெதானை உயரமானவர், மெலிந்தவர், உடம்பு சரியில்லாதவர், கட்டுப்பாடாக வாழ்பவர், கொஞ்சம் கோபக்காரர், ஆனால் ஆட்சிக் காரியத்தில் புத்திசாலி என்று விவரிக்கிறார். படமும் அதையேதான் சொல்கிறது. பதவிக்கு வந்தபோது வயது 64. இப்படி ஓர் ஆளைத் தேர்ந்தெடுத்தவர்கள், "இவர் ரொம்ப நாள் இருக்க மாட்டார்" என்று கணக்குப் போட்டிருப்பார்கள் என்பது என் ஊகம். வயதானவர்களையே டோஜே ஆக்குவது வெனிஸின் வழக்கம். யாராக இருந்தாலும் சீக்கிரம் நாற்காலி காலியாகும், அதிகாரம் ஒரே கையில் தங்காது. லொரெதான் 84 வயது வரை இருந்து கணக்கைப் பொய்யாக்கிவிட்டார்.

லொரெதான் குடும்பம் ஊரின் பெரிய பிரபுக் குடும்பங்களில் ஒன்று. இளமையில் அவரும் மற்ற பிரபு வீட்டுப் பிள்ளைகளைப் போலக் கடல் வாணிபம் செய்தார். வெனிஸில் பிரபு என்றால் நிலத்தில் உட்கார்ந்து வரி வாங்குகிறவர் இல்லை. கப்பலில் சரக்கு ஏற்றுகிறவர். அப்புறம் அரசுப் பதவிகள்: வழக்குகளை நடத்தும் பதவி, பதுவா நகரத்தின் ஆளுநர், 1492இல் புனித மாற்கு ஆலயத்தின் புரோகுராத்தோர், அதாவது அதன் சொத்துகளை நிர்வகிக்கும் பெரிய அதிகாரி. இந்தப் புரோகுராத்தோர் பதவியும் டோஜே பதவியைப் போல ஆயுள் பதவிதான். டோஜே ஆவதற்கு முந்தைய படி என்றே அதைச் சொல்லலாம்.

அவர் இளைஞனாக இருந்தபோது ஊரே பார்த்த ஒரு காட்சி உண்டு. 1457இல் பிரான்செஸ்கோ பொஸ்காரி என்ற டோஜே, 34 ஆண்டுகள் ஆண்டவர், 84 வயதுக் கிழவர், பதவியை விட்டு இறங்கும்படி கட்டாயப்படுத்தப்பட்டார். கட்டாயப்படுத்தியது பதின்மர் குழு என்ற பாதுகாப்புக் குழு. அதை முன்னின்று நடத்தியவர் யாக்கோபோ லொரெதான், அதே லொரெதான் வம்சம். பொஸ்காரி அரண்மனையை விட்டு வெளியேறிச் சில நாட்களில் இறந்துபோனார். அதற்கும் நூறாண்டு முன்னால், 1355இல், மரீன் பலியேர் என்ற டோஜே தன்னை உண்மையான இளவரசனாக்கிக்கொள்ளச் சதி செய்தார் என்று தலையையே வெட்டினார்கள். பிரபுக்கள் கூடும் பெரிய சபையின் மண்டபத்தில் டோஜேக்களின் படங்கள் வரிசையாக இருக்கும் சுவரில் அவர் இடத்தில் கறுப்புத் துணி மட்டும் வரையப்பட்டிருக்கும், "குற்றங்களுக்காகத் தலை வெட்டப்பட்ட மரீன் பலியேரின் இடம் இது" என்ற வாசகத்தோடு. வெனிஸில் டோஜே ஆகிறவருக்கு இந்த இரண்டு கதையும் நன்றாகவே தெரியும்.

சரி, தேர்தலுக்கு வருவோம். இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் இவ்வளவு சுற்றி வளைத்த தேர்தலை உலகத்தில் வேறு எங்கும் பார்ப்பது கடினம்.

முதலில் ஒன்று: "தேர்ந்தெடுக்கப்பட்டவர்" என்றதும் மக்கள் வாக்களித்தார்கள் என்று எண்ண வேண்டாம். 1297க்குப் பிறகு பெரிய சபையில் உட்காரும் உரிமை குறிப்பிட்ட குடும்பங்களுக்கு மட்டும் என்று கதவை அடைக்கத் தொடங்கிவிட்டார்கள். 1500 வாக்கில் அந்தச் சபையில் சுமார் 2,500 ஆண்கள். லொரெதான் காலத்திலேயே, 1506இல், பிரபுக் குடும்பத்தில் பிறக்கும் ஒவ்வொரு ஆண் குழந்தையையும் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்று சட்டம் வந்தது. அந்த ஏட்டில் பெயர் இல்லாதவன் எவ்வளவு பணக்காரனாக இருந்தாலும் வாக்கு கிடையாது.

இந்த 2,500 பேரும் நேராக வாக்களித்தால் பெரிய குடும்பங்கள் கூட்டுச் சேர்ந்துவிடும். அதைத் தடுக்க 1268இல் ஒரு முறையைக் கொண்டுவந்தார்கள், குடியரசு முடிந்த 1797 வரை அதை விடவில்லை. முந்தைய டோஜே இறந்ததும், டோஜேயின் கவுன்சிலர்களில் மிக இளையவர் ஆலயத்தில் ஜெபித்துவிட்டு வெளியே வந்து, கண்ணில் படும் முதல் சிறுவனைக் கையைப் பிடித்து அழைத்து வருவார். எட்டு, பத்து வயதுப் பையன். பெட்டியிலிருந்து குலுக்கல் உருண்டைகளை எடுப்பது அவன் வேலை. பிறகு அவன் டோஜேயின் ஊர்வலங்களிலும் நடப்பான்.

30 வயது நிரம்பிய உறுப்பினர்களிலிருந்து குலுக்கலில் 30 பேர். அந்த 30 பேரும் குலுக்கலில் 9 பேராகக் குறைவார்கள். அந்த 9 பேர் வாக்களித்து 40 பேரைத் தேர்ந்தெடுப்பார்கள். 40 பேர் குலுக்கலில் 12. அந்த 12 பேர் தேர்ந்தெடுப்பது 25. அது குலுக்கலில் 9. இந்த 9 பேர் தேர்ந்தெடுப்பது 45. அது குலுக்கலில் 11. இந்த 11 பேர் கடைசியாக 41 பேரைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்த 41 பேர்தான் டோஜேயைத் தேர்ந்தெடுக்கிறவர்கள்; குறைந்தது 25 வாக்கு வேண்டும். ஒருவர் பெயர் குலுக்கலில் வந்தால் அவருடைய உறவினர்கள் விலக வேண்டும்.

படிக்கவே தலை சுற்றுகிறதல்லவா? அதுதான் நோக்கமும். குலுக்கல் வரும் ஒவ்வொரு கட்டத்திலும் முன்கூட்டிப் பேசிவைத்த பேரம் சிதறிப்போகும். கடைசி 41 பேர் யார் என்று முதல் நாள் யாராலும் சொல்ல முடியாது. அதே சமயம் ஒவ்வொரு கட்டத்திலும் வாக்களிப்பும் இருப்பதால் முற்றிலும் உதவாத ஆள் மேலே வரவும் வழியில்லை. நிறையப் பேருக்குப் பிடிக்காத ஆளை வடிகட்டும் முறை இது. ஊரே கொண்டாடும் ஒரு வீரனைக் கொண்டுவருவது இதன் வேலை இல்லை. யாருக்கும் பெரிய ஆட்சேபம் இல்லாத ஒரு மூத்தவரைக் கொண்டுவருவதுதான்.

41 பேர் அரண்மனைக்குள் அடைபட்டிருப்பார்கள், வெளியாரோடு பேச்சு கிடையாது. ஒவ்வொருவரும் ஒரு பெயரைச் சீட்டில் எழுதிப் போடுவார்கள். எடுக்கப்பட்ட பெயருக்கு உரியவர் அங்கேயே இருந்தால் அவரைப் பக்கத்து அறைக்கு அனுப்பிவிட்டு, அவர் மேல் யாருக்கு என்ன குறை என்று கேட்பார்கள். குடும்பத்தில் பிள்ளைகள் அதிகம், உடம்பு சரியில்லை, கோபக்காரர், எதுவானாலும் சொல்லலாம். பிறகு அவரைக் கூப்பிட்டுப் பதில் கேட்டுவிட்டு வாக்கெடுப்பு. 1501இல் முன்னணியில் இருந்ததாகச் சொல்லப்பட்ட பிலிப்போ திரோன் அதற்குச் சற்று முன்புதான் இறந்துபோயிருந்தார். வழி லொரெதானுக்குத் திறந்தது.

தேர்தல் முடிந்ததும் கொண்டாட்டம் உண்மையிலேயே ராஜ கொண்டாட்டம்தான். புனித மாற்கு ஆலயத்தில் புதிய டோஜேயை மக்களுக்குக் காட்டுவார்கள். பழைய காலத்தில் "இவர்தான் உங்கள் டோஜே, உங்களுக்குச் சம்மதமானால்" என்று அறிவிப்பார்கள். 1423இல் அந்தப் பின்பாதியை வெட்டிவிட்டார்கள். ஒருவேளை மக்கள் "சம்மதம் இல்லை" என்றால் என்ன செய்வது என்ற கேள்விக்குப் பதில் இல்லாததால்தான் என்று நினைக்கிறேன். அப்புறம் கப்பல் கட்டும் தளமான ஆர்செனாலின் தொழிலாளிகள் ஒரு மர மேடையில் அவரை உட்காரவைத்துத் தோளில் தூக்கிச் சதுக்கத்தைச் சுற்றி வருவார்கள், அவர் கூட்டத்துக்குக் காசை வாரி இறைப்பார். கோயிலில் உற்சவர் புறப்பாட்டைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சியை விளக்கத் தேவையில்லை: எல்லாக் கண்களும் அவர் மேல், ஆனால் எந்த வீதியில் போவது என்பதைத் தூக்குகிறவர்கள் முடிவு செய்கிறார்கள்.

முடிசூட்டு முடிந்த கையோடு விலங்கும் தயார். ஒவ்வொரு டோஜேயும் பதவி ஏற்கும்போது உறுதிமொழிப் பத்திரம் ஒன்றுக்குக் கட்டுப்பட வேண்டும். நாற்காலி காலியாக இருக்கும் நாட்களில் 5 பேர் கொண்ட குழு பழைய பத்திரத்தை எடுத்துத் திருத்தும். முந்தைய டோஜே எந்த ஓட்டை வழியாக நுழைந்தாரோ அதை அடைப்பார்கள். அதனால் ஒவ்வொரு தலைமுறைக்கும் பத்திரம் நீண்டுகொண்டே போனது. லொரெதானுக்கு முந்தையவர் அகொஸ்தீனோ பர்பரீகோ, ஆடம்பரமும் பணத்தாசையும் உள்ளவர், மண்டியிட்டுக் கையை முத்தமிட வைத்தவர். அவர் இறந்தபோது ஊர் அவரைச் சபித்ததைச் சனூதோ எழுதியிருக்கிறார். அந்தக் கோபத்தில்தான் 1501இல் புதிதாக ஓர் ஏற்பாடு வந்தது: இறந்த டோஜேயின் நடவடிக்கைகளை ஆராயும் 3 விசாரணையாளர்கள். இனிமேல் செத்தாலும் தப்ப முடியாது. அதன் கீழ் முதலில் பதவிக்கு வந்தவர் லொரெதான்.

பத்திரத்தில் என்னவெல்லாம் இருந்தது? வெளிநாட்டு அரசர்கள், போப்பாண்டவர் அனுப்பும் கடிதத்தை டோஜே தனியாகப் பிரிக்கக் கூடாது, கவுன்சிலர்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். தனியாகப் பதிலும் எழுதக் கூடாது. அனுமதி இல்லாமல் ஊரை விட்டு வெளியே போகக் கூடாது. வெனிஸின் எல்லைக்கு வெளியே சொத்து வைத்துக்கொள்ளக் கூடாது. வியாபாரம் கூடாது, வாழ்நாள் முழுக்க வியாபாரம் செய்த ஆளுக்கு இது சின்ன விஷயம் இல்லை. பன்னீர், பூக்கள், வாசனை மூலிகைகள், இது மாதிரிச் சில்லறைப் பொருட்களைத் தவிர அன்பளிப்பு வாங்கக் கூடாது. பிள்ளைகள் வெளிநாட்டில் பெண் எடுக்க அனுமதி வேண்டும், அவர்களுக்குப் பல பதவிகளின் கதவு மூடப்படும். தன் குடும்பச் சின்னத்தை அரண்மனைக்கு வெளியே மாட்டக் கூடாது. வேண்டாம் என்று தானாகப் பதவியை விட்டுப் போகவும் முடியாது.

அரண்மனை பிரமாண்டமானது, ஆனால் அதில் டோஜே குடும்பத்துக்கு ஒதுக்கியது சில அறைகள்தான். மேஜை நாற்காலி, திரைச்சீலை எல்லாம் சொந்த வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும். அவர் இறந்தால் குடும்பம் உடனே மூட்டை கட்ட வேண்டும். சம்பளம் உண்டு, விருந்துக்கும் விழாவுக்கும் அது போதாது. அதிலும் ஒரு செலவு எனக்கு மிகவும் பிடித்தது. ஒவ்வொரு ஆண்டும் கிறிஸ்துமஸ் சமயத்தில் பெரிய சபையின் உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் டோஜே காட்டு வாத்துகள் அனுப்ப வேண்டும், ஆளுக்கு ஐந்து. சபையில் சில நூறு பேர் இருந்த காலத்தில் ஆரம்பித்த பழக்கம் அது. 2,500 பேர் என்றானபின் 12,000 வாத்துகளுக்கு மேல் வேண்டும். உப்பங்கழியில் அவ்வளவு வாத்துக்கு எங்கே போவது? குறைந்தால் பிரபுக்களுக்கு முகம் சுளிக்கும்.

அன்றாட வேலை என்பது கூட்டங்கள்தான். காலையில் ஆலோசனைச் சபை: டோஜே, நகரத்தின் 6 பகுதிகளுக்கு ஒருவராக 6 கவுன்சிலர்கள், நீதிமன்றத் தலைவர்கள் 3 பேர், அவர்களோடு 16 அறிவர்கள் என்ற அமைச்சர்கள். கடிதங்கள் வாசிக்கப்படும், தூதர்கள் வருவார்கள். தூதருக்கு டோஜே இனிமையாக, நீளமாக, எதையும் ஒப்புக்கொள்ளாமல் பேசுவார். உண்மையான பதில் செனட் கூடி முடிவெடுத்தபின் போகும். பிறகு செனட், பெரிய சபை, பதின்மர் குழு. பெயர் பதின்மர் குழு, ஆனால் டோஜேயும் 6 கவுன்சிலர்களும் சேர்ந்து அறையில் 17 பேர். எல்லா இடத்திலும் அவர் தலைமை வகிப்பார், எல்லா இடத்திலும் அவருக்கு ஒரே ஒரு வாக்கு.

"பொம்மை" என்ற பதில் இந்த இடத்தில்தான் சறுக்குகிறது. அந்த அறைகளில் உட்காருகிற மற்றவர்களைப் பாருங்கள். அறிவர்களுக்குப் பதவிக்காலம் 6 மாதம். நீதிமன்றத் தலைவர்கள் 2 மாதம். பதின்மர் குழு ஓராண்டு, முடிந்ததும் உடனே திரும்ப வர முடியாது. ஆள் மாறிக்கொண்டே இருக்கிறது. மாறாமல் எல்லா அறையிலும் உட்கார்ந்து, எல்லா ரகசியத்தையும் கேட்டு, பத்து ஆண்டுக்கு முன் யார் என்ன சொன்னார் என்று நினைவு வைத்திருப்பவர் ஒருவர்தான். அவரால் உத்தரவு போட முடியாது. ஆனால் எந்தப் பேச்சை நீட்டுவது, யாரைப் பேசவிடுவது, எப்போது எழுந்து நின்று தானே பேசுவது என்பது அவர் கையில். 20 ஆண்டுகள் அப்படி உட்கார்ந்த ஒருவருக்கு அதிகாரம் இல்லை என்று சொல்பவர் எந்தக் கமிட்டியிலும் உட்கார்ந்ததில்லை என்று அர்த்தம்.

லொரெதான் உட்கார்ந்த நேரம் மகா மோசமான நேரம். 1499இல் துருக்கியர்களோடு போர் தொடங்கி, ஜொங்கியோ கடற்போரில் வெனிஸ் தோற்றது. அடுத்த ஆண்டு கிரேக்கக் கரையில் மொதோன், கொரோன் என்ற இரண்டு கோட்டைத் துறைமுகங்கள் போயின. குடியரசின் இரண்டு கண்கள் என்று அவற்றைச் சொல்வார்கள். ஊரின் வங்கிகள் சரிந்தன. அப்புறம் 1501 கோடையில் லிஸ்பனிலிருந்து செய்தி: போர்ச்சுக்கீசியக் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிக் கோழிக்கோடு, கொச்சி போய் மிளகோடு திரும்பிவிட்டன. மலபார் மிளகு அதுவரை செங்கடல் வழியாக எகிப்து வந்து, அலெக்சாண்டிரியாவில் வெனிஸ் வியாபாரிகள் கையில் சேர்ந்துகொண்டிருந்தது. வணிகரான ஜிரோலமோ பிரியூலி தன் நாட்குறிப்பில், வாசனைப் பொருள் வாணிபம் போனால் வெனிஸ் பால் கிடைக்காத கைக்குழந்தை ஆகிவிடும் என்று புலம்பினார். இந்தச் செய்தி வந்த சில மாதங்களில்தான் லொரெதான் பதவி ஏற்றார்.

என்ன செய்தார்கள்? எகிப்தின் மம்லூக் சுல்தானைத் தூண்டிவிட்டார்கள். 1504இல் செங்கடலையும் மத்தியதரைக் கடலையும் இணைக்கக் கால்வாய் வெட்டலாம் என்ற யோசனை பதின்மர் குழுவின் ஆவணத்தில் எழுதப்பட்டு, அனுப்பும் முன் அடிக்கப்பட்டது. சூயஸுக்கு 365 ஆண்டு முன்னால்! 1509 பிப்ரவரியில் டையூ கடற்போரில் மம்லூக்குகளும் குஜராத்தும் கோழிக்கோடும் சேர்ந்த கடற்படையைப் போர்ச்சுக்கீசியர்கள் முறியடித்தார்கள். ஆனால் பிரியூலி பயந்த மாதிரி எல்லாம் முடிந்துவிடவில்லை. அந்த நூற்றாண்டின் நடுவில் செங்கடல் வழி மிளகு திரும்பவும் நிறையவே வந்தது.

மிளகுக்கு விலையாக இந்தப் பக்கம் வந்தது தங்கம். வெனிஸின் டுகாட் நாணயம், மூன்றரை கிராம், கிட்டத்தட்டச் சுத்தத் தங்கம். 1280களிலிருந்து அதன் வடிவத்தை அவர்கள் மாற்றவே இல்லை: ஒரு பக்கம் புனித மாற்கு நிற்க, எதிரே டோஜே மண்டியிட்டுக் கொடிக்கம்பைப் பிடித்திருப்பார். பெயர் மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். இந்தக் காசு கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் புதையல்களில் கிடைத்திருக்கிறது, ஓட்டை போட்டுக் காசுமாலையில் கோத்திருக்கிறார்கள், இங்கேயே போலியும் செய்திருக்கிறார்கள். நம்மவர்களுக்கு அந்தக் கொடிக்கம்பு பனைமரமாகவும் டோஜே அதில் ஏறுகிற ஆளாகவும் தெரிந்ததால், அந்தத் தொழிலோடு சேர்த்த பெயரிலேயே பழைய நாணயக் குறிப்புகளில் அந்தக் காசு வழங்குகிறது. வெனிஸ் பிரபு ஒருவர் தன் உருவம் தென்னிந்தியப் பெண்ணின் கழுத்தில் மரமேறியாகத் தொங்குவதை அறிந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!

உண்மையான இடி மேற்கிலிருந்து விழுந்தது. வெனிஸ் நூறாண்டாக இத்தாலியின் உள்நாட்டில் நகரம் நகரமாகப் பிடித்துக்கொண்டே வந்ததில் எல்லோருக்கும் எரிச்சல். 1508 டிசம்பரில் காம்ப்ரே என்ற ஊரில் புனித ரோமப் பேரரசர் மாக்சிமிலியனும் பிரான்சின் 12ஆம் லூயியும் கை கோத்தார்கள். போப் இரண்டாம் ஜூலியஸும் அரகோனின் பெர்டினாண்டும் அந்தக் கூட்டில் சேர்ந்தார்கள். வெனிஸைக் கூறுபோட்டுப் பிரித்துக்கொள்வது திட்டம். 1509 ஏப்ரல் கடைசியில் போப் ஊரையே திருச்சபையிலிருந்து விலக்கினார். மே 14 அன்று அஞ்ஞதெல்லோவில் பிரெஞ்சுப் படை வெனிஸ் படையை நொறுக்கியது, தளபதி பர்த்தொலொமேயோ தால்வியானோ சிறைபிடிக்கப்பட்டார்.

மறுநாள் மாலை சனூதோ அரண்மனையில்தான் இருந்தார். சுவரில் வரைந்திருந்த இத்தாலி வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததாக எழுதுகிறார். அப்போது ஒரு செயலாளர் ஓடி வந்தார், கையில் போர்முனைக் கடிதங்கள், உறைமேல் தூக்குமரப் படங்கள் நிறைய வரையப்பட்டிருந்தன. அந்தக் காலத்தில் "மிக அவசரம்" என்பதற்கு அடையாளம் அது. தாமதித்தால் தூக்கு என்று தூதனுக்கு எச்சரிக்கை. கடிதம் வாசிக்கப்பட்டது. ஊர் முழுக்க அரண்மனைக்கு ஓடி வந்தது. டோஜே பாதி செத்தவர் போல் இருந்தார் என்கிறார் சனூதோ. தோல்விக்கு மூன்றாம் நாள், மே 17, கிறிஸ்து விண்ணேற்றத் திருநாள். டோஜே பொன் முலாம் பூசிய புசிந்தோரோ படகில் போய்க் கடலில் மோதிரத்தைப் போட்டு, "கடலே, உன்னை மணக்கிறோம், நிலையான ஆட்சியின் அடையாளமாக" என்று சொல்லும் நாள் அதுதான். அந்த ஆண்டு அந்தத் தேதி அப்படி வந்து மாட்டியது.

சில வாரங்களில் பிரெஸ்சியா, வெரோனா, விசென்சா, பதுவா எல்லாம் கையை விட்டுப் போயின. பதுவா வெனிஸிலிருந்து ஒரு நாள் நடை தூரம். லொரெதான் அப்போது 72 வயதுக்காரர், படை நடத்த முடியாது, தனியாக ஒரு கடிதம்கூடப் பிரிக்க முடியாது. அவரால் முடிந்தது பெரிய சபையில் எழுந்து பேசுவது. நம் ஆணவமும் ஆடம்பரமும்தான் இங்கே கொண்டுவந்து விட்டது, இனி ஒவ்வொருவரும் பணத்தையும் ஆளையும் கொடுங்கள் என்று பேசினார். ஜூலை 17இல் வெனிஸ் பிரபு அந்திரேயா கிரித்தி பதுவாவைத் திடீரென்று தாக்கி மீட்டார். மாக்சிமிலியன் பெரும்படையோடு முற்றுகை போட வந்தபோது லொரெதான் தன் மகன்கள் அல்விசே, பெர்னார்தோ இருவரையும் அந்த நகரத்தைக் காக்க அனுப்பினார். டோஜே வீட்டுப் பிள்ளைகள் போனபின் மற்றப் பிரபுக்கள் வீட்டில் உட்கார முடியுமா? நூற்றுக்கணக்கில் போனார்கள். முற்றுகை தோற்றது. "என் பிள்ளைகள் போகிறார்கள், உங்கள் பிள்ளைகள்?" என்று கேட்க எந்தப் பத்திரமும் தடையில்லை. டோஜேயின் அதிகாரம் என்பதைக் கையில் எடுத்துக் காட்டச் சொன்னால் நான் இதைத்தான் காட்டுவேன்.

மீதிப் போர் பேரமும் துரோகமுமாக இழுத்தது. 1510 பிப்ரவரியில் வெனிஸ் தூதர்கள் ரோமில் போப்பின் முன் மண்டியிட்டு மன்னிப்புப் பெற்றார்கள். போப் கட்சி மாறினார். பிறகு வெனிஸ் 1513இல் பிரான்ஸ் பக்கம் சாய்ந்தது. கடைசியில் 1517க்குள் உள்நாட்டு நகரங்களில் பெரும்பாலானவை திரும்பி வந்துவிட்டன. இடையில் பணத் தட்டுப்பாடு தாங்காமல், அரசுக்குக் கடன் கொடுப்பவர்களுக்குப் பதவி என்று ஆரம்பித்தார்கள். அவ்வளவு நுணுக்கமாகக் குலுக்கல் கட்டி வைத்திருந்த ஊர், பின்வாசல் வழியாகப் பதவியை விற்றது.

போரில் ஓடிவந்த அகதிகளில் யூதர்களும் இருந்தார்கள். 1516 மார்ச் 29 அன்று செனட், ஊரில் உள்ள யூதர்கள் எல்லோரும் பழைய வார்ப்பாலை இருந்த ஒரு தீவில்தான் குடியிருக்க வேண்டும், இரவில் கதவு பூட்டப்படும், காவல் செலவையும் அவர்களே கொடுக்க வேண்டும் என்று தீர்மானித்தது. உலகத்துக்கே "கெட்டோ" என்ற பெயரைக் கொடுத்த இடம் அதுதான். லொரெதானை மட்டும் இதற்குக் குற்றம் சொல்ல முடியாது, ஆனால் எல்லா ஆணையும் டோஜே பெயரில்தான் வெளியாகும். நல்ல பெயரை வைத்துக்கொண்டு கெட்ட பெயரைச் செனட்டுக்குத் தள்ளிவிடுவது நியாயமாகாது.

1521 ஜூனில் அவர் இறந்தார். டோஜே இறந்த செய்தியை முறைப்படி அறிவித்ததும் சொல்லும் வாசகம் ஒன்று உண்டு: இவ்வளவு நல்லவரும் பக்திமானுமான இளவரசரின் மரணத்தைக் கேட்டு மிகவும் வருந்துகிறோம், ஆனாலும் இன்னொருவரை ஆக்கிக்கொள்வோம். முத்திரையை உடைத்துவிடுவார்கள். சாந்தி ஜொவான்னி எ பவோலோ தேவாலயத்தில் அடக்கம் நடந்தது. இன்று அங்கே காணும் பெரிய கல்லறை மண்டபம் ஐம்பது ஆண்டு கழித்து எழுந்தது.

அடக்கம் முடிந்ததும் மூன்று விசாரணையாளர்கள் கணக்கைத் திறந்தார்கள். பதவியால் ஆதாயம் பார்த்தார் என்று குற்றச்சாட்டு. உறவினரான கார்லோ கொந்தரீனி வாதாடியும் வாரிசுகளுக்குப் பெரிய அபராதம் விழுந்தது. ஊரைக் காக்கத் தன் பிள்ளைகளை அனுப்பியவர் என்பதெல்லாம் அந்தக் கணக்கில் வரவு வைக்கப்படவில்லை.

நாற்காலி காலியாக இருந்த அதே நாட்களில் திருத்தக் குழு வாத்துப் பிரச்சினையையும் தீர்த்தது. இனி ஆளுக்கு ஐந்து வாத்துக்குப் பதில் ஒரு வெள்ளிப் பதக்கம். அதற்கும் பறவை என்று பொருள்படும் "ஒசெல்லா" என்ற பெயரே நிலைத்தது. முதல் பதக்கத்தை அடித்துக் கொடுக்க வேண்டியவர் அடுத்த டோஜே அந்தோனியோ கிரிமானி. 1499இல் ஜொங்கியோவில் கடற்படையைத் தோற்கடிக்கவிட்டதற்காகச் சங்கிலி போட்டுக் கொண்டுவரப்பட்டு, தீவுக்கு நாடுகடத்தப்பட்டு, அங்கிருந்து தப்பி ரோமுக்கு ஓடிய அதே கிரிமானிதான். மன்னிப்புப் பெற்றுத் திரும்பியிருந்தவருக்கு அப்போது வயது எண்பதைத் தாண்டியிருந்தது.